பாதியில் நிற்கும் ஜேரட்: சிபிசிக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி தொலைக்காட்சியின் நாடகப் பிரிவில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதுகிறேன். உங்களில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. உங்கள் கட்டடத்தில் தேடினால் தெரிந்தவர் ஒருவராவது அகப்படுவார். திறந்த மடல் என்றாலே பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழட்டும் என்றுதானே எழுதுவது? டொரண்டோவிலும் அதைச் சுற்றியும் இருக்கும் தமிழர்கள் வரி கட்டுகிறோம். நாடாளுமன்றம் ஆண்டுதோறும் உங்களுக்கு ஒதுக்கும் நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட பணத்தில் எங்கள் காசும் இருக்கிறது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ஜேரட்டை என்ன செய்தீர்கள்?

தொடரைப் பார்க்காத தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் 7 அன்று சிபிசியில் 'ட்ரிக்ஸ்டர்' என்ற தொடர் தொடங்கியது. மொத்தம் 6 பகுதிகள். ஈடன் ராபின்சன் 2017இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிட்டிமாட் ஊரில் ஜேரட் என்று ஒரு பையன், ஹைஸ்லா என்ற பூர்வகுடி இனத்தவன், பள்ளியில் படிக்கிறான். அம்மாவும் அப்பாவும் பிரிந்து இருக்கிறார்கள். இரண்டு வீட்டுச் செலவையும் பிள்ளைதான் இழுக்கிறான். பகுதி நேரமாக ஒரு துரித உணவுக் கடையில் வேலை, மறைவில் போதை மாத்திரை தயாரிப்பு. போதாக்குறைக்கு அண்டங்காக்கை அவனிடம் பேசுகிறது. பைக்கில் ஒரு ஆள் ஊருக்குள் வருகிறான். வந்தது யார், தனக்கும் அவனுக்கும் என்ன உறவு என்று தெரியவரும்போது ஜேரட்டின் உலகம் தலைகீழாகிறது. ஹைஸ்லா கதைகளில் வரும் வீகிட் என்ற மாயக்காரக் காக்கைதான் அந்த ஆள்.

இதெல்லாம் கதைச் சுருக்கம். எனக்குப் பிடித்தது வேறு. நாவலில் ஒரு ஜேரட் இருக்கிறான். கஞ்சா பிஸ்கட் சுட்டு விற்பான். அந்தக் காசில் அப்பாவின் வாடகையைக் கட்டுவான், அது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பான். பக்கத்து வீட்டில் வயதான தம்பதி, மனைவிக்குப் புற்றுநோய். பனி கொட்டினால் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு வருவான். தான் வளர்த்த நாய் செத்ததற்காக அழுவான். அவனை நல்ல பிள்ளை என்றும் சொல்ல முடியாது, கெட்ட பிள்ளை என்றும் சொல்ல முடியாது. அம்மா மேகி இன்னும் ஒரு படி மேல். மகனின் விலா எலும்பை உடைத்த தன் காதலனின் பாதங்களை ஆணி அடிக்கும் துப்பாக்கியால் தரையோடு சேர்த்து அடித்தவள். குடிப்பாள், கத்துவாள், மகனுக்கு ஒன்றென்றால் உயிரையும் கொடுப்பாள். இப்படி ஒரு அம்மாவையும் மகனையும் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் செய்தி நேரத்தில் வடக்கத்திப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். காணாமல் போனபோது, இறந்தபோது, குடிநீர் இல்லாதபோது, விசாரணை ஆணையம் அமர்ந்தபோது. அந்தச் செய்திகள் வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதே பிள்ளை கடையில் வேலை முடிந்து அலுப்போடு வீட்டுக்கு வருவதை, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் பேசத் தெரியாமல் உளறுவதை, அம்மாவிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைக் காட்ட நாடகம்தான் வேண்டும். 'ட்ரிக்ஸ்டர்' அதைச் செய்தது.

சரி, நடந்ததுக்கு வருவோம்.

முதல் பகுதி ஒளிபரப்பாகும் முன்பே இரண்டாம் பருவத்துக்கும் நீங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தீர்கள். அவ்வளவு நம்பிக்கை. டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டினீர்கள். அமெரிக்காவில் சிடபிள்யூ நிறுவனம் வாங்கியது. டிசம்பரில் உங்கள் செய்திப் பிரிவே ஒரு விசாரணைக் கட்டுரையை வெளியிட்டது. தொடரின் இணைப் படைப்பாளரும் இயக்குநருமான மிஷெல் லாட்டிமர், தன் வேர் கியூபெக்கின் கிட்டிகன் ஸிபி பூர்வகுடிச் சமூகத்தில் இருக்கிறது என்று சொல்லிவந்ததை அது கேள்விக்கு உள்ளாக்கியது. உறுதிசெய்துகொள்ளும் முன் அந்தச் சமூகத்தின் பெயரைச் சொன்னது தன் தவறு என்று அவர் வருத்தம் தெரிவித்தார், சில நாளில் தொடரிலிருந்தும் விலகினார். தயாரிப்புக் குழுவில் இருந்த க்ரீ-மெட்டி பூர்வகுடி இயக்குநர் டேனிஸ் கூலேயும் விலகினார். லாட்டிமரின் வம்சாவளி பற்றிய வாக்குவாதம் அதற்குப் பிறகும் ஓடியது. அதற்குள் நான் போகவில்லை. யார் தம்மவர், யார் இல்லை என்று சொல்லும் உரிமை அந்தந்தச் சமூகத்துக்கு உரியது, டொரண்டோவில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இல்லை.

2021 ஜனவரி முடிவதற்குள் இரண்டாம் பருவம் கிடையாது என்று அறிவித்துவிட்டீர்கள். எல்லையின் அந்தப் பக்கம் அமெரிக்க நேயர்கள் அப்போதுதான் முதல் பருவத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மே மாதம் கனடியத் திரை விருதுகளில், மேகியாக நடித்த கிரிஸ்டல் லைட்னிங்குக்கு நாடகத் தொடரின் சிறந்த முதன்மை நடிகைக்கான விருது. நீங்கள் மூடிய தொடருக்கு!

நிறுத்தியதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் இருந்த பூர்வகுடிக் கலைஞர்களின் மனது எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. நம் கதையை நம்மவர் சொல்கிறார் என்று நம்பித்தானே வந்தார்கள்? அந்த நம்பிக்கை உடைந்த இடத்தில் அடுத்த மாதமே புது இயக்குநரைக் கொண்டுவந்து கேமராவை ஓட்டியிருந்தால் அதுவும் அவமரியாதைதான். நாவலாசிரியரோடும் தயாரிப்பாளர்களோடும் பேசித்தான் முடிவெடுத்ததாக அப்போது சொன்னீர்கள். நம்புகிறேன்.

என் மனத்தாங்கல் அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. தொடரை நிறுத்தியதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். இயக்குநர் விலகியாகிவிட்டது. சிபிசியின் பெயரும் தப்பித்தது. மிச்சம் என்ன? ஜேரட்டாக நடித்த ஜோயல் ஊலெட் போன்ற இளம் நடிகர்களுக்கு இரண்டாம் பருவம் போனது. திரையில் தங்கள் ஊர் முகத்தைப் பார்த்த வடக்கத்திப் பிள்ளைகளுக்குக் கதையின் மீதி போனது. சமையல்காரரிடம் குறை என்று பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்பிய மாதிரி ஆகிவிட்டது. அவர்களுக்கு மறுபடி எப்போது இலை போடப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

அப்புறம் இன்னொன்று. கேள்வி கேட்டது உங்கள் செய்திப் பிரிவு. அது செய்ய வேண்டிய வேலை, செய்தது. அதே கேள்வியை உங்கள் நாடகப் பிரிவு ஒப்பந்தம் போடும்போதே கேட்டிருக்கக் கூடாதா? கிட்டிகன் ஸிபிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஒளிபரப்பு முடிந்து பாராட்டுகள் குவிந்த பிறகு உங்கள் வலது கை கண்டுபிடித்ததை, பணம் கொடுக்கும்போதே உங்கள் இடது கை கண்டுபிடித்திருந்தால் ஜேரட் இன்று இரண்டு மூன்று பருவம் வளர்ந்திருப்பான். ராபின்சன் அவன் கதையை மூன்று நாவல்களாக எழுதி 2021இலேயே முடித்துவிட்டார். எழுத்தில் அவன் வளர்ந்தான். உங்கள் திரையில்தான் பாதியில் நிற்கிறான்.

இது முதல் தடவையாக இருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். 'ஆன் வித் அன் ஈ' ஞாபகம் இருக்கிறதா? நெட்ஃபிளிக்ஸோடு சேர்ந்து நீங்கள் எடுத்த தொடர். 2019இல் வந்த மூன்றாம் பருவத்தில் காக்வெட் என்ற மிக்மாக் பூர்வகுடிச் சிறுமியைக் கொண்டுவந்தீர்கள். நடித்தவர் மோஹாக் இனத்துப் பெண் கியவெந்தியோ. அந்தக் குழந்தையை ஆசை வார்த்தை சொல்லி விடுதிப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள், முடியை வெட்டுகிறார்கள், பேரை மாற்றுகிறார்கள். தப்பித்து ஓடிவருகிறாள், திரும்பப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பெற்றோர் பள்ளிக்கு வெளியே, அவள் உள்ளே. அதோடு பருவம் முடிந்தது, அதோடு தொடரும் முடிந்தது. நாயகி ஆனுக்கு அவளுடைய காதலன் கிடைத்தான், பெற்றோர் யார் என்பது தெரிந்தது, கல்லூரியும் கிடைத்தது. காக்வெட் இன்னமும் அந்தப் பள்ளிக்குள்தான் இருக்கிறாள்.

காரணம் வேறு வேறு என்பீர்கள். அது ஒளிபரப்பு ஒப்பந்தச் சிக்கல், இது நம்பகத்தன்மைச் சிக்கல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 நவம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் இரண்டு பூர்வகுடிப் பிள்ளைகளை நடுக்கதையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். நடுவில் விடப்படுவது எப்போதும் அவர்களாகவே இருப்பது தற்செயல் என்று அந்தச் சமூகத்து அம்மாக்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

டொரண்டோவின் டெக்ராசித் தெருப் பிள்ளைகளை வைத்து 1987 முதல் 1991 வரை வாராவாரம் கதை சொன்னீர்கள். காதல், கர்ப்பம், போதை, பரீட்சை எல்லாம் வந்தது. இந்த நாட்டில் ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. கிட்டிமாட் பிள்ளைக்குக் கிடைத்தது 6 பகுதி.

கிட்டிமாட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் உங்கள் தொடரிலேயே அந்த ஊர் முழுசாக வரவில்லை. படப்பிடிப்பில் பெரும்பகுதி நடந்தது ஒண்டாரியோவின் நார்த் பேயில். கிட்டிமாட் நாட்டின் இன்னொரு மூலையில், பசிபிக் கரையில் இருக்கிறது. வடக்கு ஒண்டாரியோவில் படம் எடுத்தால் மாகாணத்தின் உதவித்தொகை கிடைக்கும், தெரியும். இரண்டு ஊரையும் 'வடக்கு' என்றே சொல்வதால் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், கிட்டிமாட் வரைபடத்தில் அப்படியொன்றும் உச்சியில் இல்லை. 54ஆவது அட்சரேகை, எட்மன்டன் பெருநகருக்குச் சற்றே மேலே. எட்மன்டனை யாரும் வடக்கத்திச் சிற்றூர் என்பதில்லை. வான்கூவரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், அதனால் அது 'வடக்கு'.

அந்த ஊர் தானாக முளைத்ததில்லை. 1950களின் தொடக்கத்தில் அல்கான் நிறுவனம் அங்கே அலுமினிய உருக்காலை கட்டியது. ஆலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஊர் வேண்டும் என்று கிளாரன்ஸ் ஸ்டைன் என்ற அமெரிக்க நகரமைப்பாளரை வைத்துக் காகிதத்தில் வரைந்து கட்டினார்கள். மின்சாரத்துக்கு நெச்சாகோ ஆற்றில் கென்னி அணை. தேக்கிய தண்ணீரை மலையைக் குடைந்து கெமானோ மின்நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 1952இல் அந்தத் தண்ணீருக்காகச் செஸ்லாட்டா பூர்வகுடி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து அவசர அவசரமாக வெளியேற்றினார்கள். பிறகு வெள்ளம் அவர்களுடைய கல்லறைகளையும் அடித்துக்கொண்டு போனது. ஹைஸ்லா மக்களின் கிராமம் கிட்டமாட் வில்லேஜ் டக்ளஸ் நீர்வழியின் கரையில் தனியாக இருக்கிறது, ஆலை ஊரிலிருந்து காரில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

ஊலிகன் என்று ஒரு மீன். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிது. குளிர்காலம் முடியும் நேரத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறும். உடம்பு முழுக்கக் கொழுப்பு, காயவைத்துப் பற்றவைத்தால் விளக்குத் திரியாகவே எரியும். அதைக் குழியில் போட்டுப் பதமாகும்வரை விட்டு, வெந்நீரில் காய்ச்சி மேலே மிதக்கும் நெய்யை எடுப்பார்கள். வட பசிபிக் கரையின் பூர்வகுடிகளுக்கு அந்த நெய்தான் சாப்பாடு, மருந்து, கல்யாணச் சீர், வியாபாரச் சரக்கு எல்லாம். காட்டு வழியே உள்நாட்டுக்கு அதைச் சுமந்துபோன தடங்களுக்கு நெய்த்தடம் என்றே பேர். 1969இல் கிட்டிமாட் ஆற்றங்கரையில் காகிதக்கூழ் ஆலை வந்தது, ஆற்று மீனில் ஆலைக் கழிவின் வாடை ஏறியது. அந்த ஆற்றில் மீன் எடுப்பதை ஹைஸ்லா மக்கள் விட வேண்டியதாயிற்று. ஆலையும் 2010இல் மூடிவிட்டது. வேலையும் போச்சு, மீனும் திரும்பவில்லை.

இப்போது நிலைமை இன்னும் சிக்கல், நாடகக்காரர்களுக்கு இன்னும் நல்ல கதை. எல்என்ஜி கனடா என்ற பிரம்மாண்ட எரிவாயு ஏற்றுமதி முனையம் அங்கே வந்துவிட்டது. 670 கிலோமீட்டர் குழாய் வழியாக வாயு வருகிறது, 2025 ஜூன் கடைசியில் முதல் கப்பல் புறப்பட்டது. அதன் பக்கத்திலேயே சீடர் எல்என்ஜி என்று இன்னொரு திட்டம், அதில் பெரும்பான்மைப் பங்கு ஹைஸ்லா மக்களின் நிர்வாகமான ஹைஸ்லா தேசத்துடையது. அதே குழாய் வரும் வழியில் வெட்சுவெட்டென் என்ற பூர்வகுடியின் பரம்பரைத் தலைவர்கள் தங்கள் நிலத்தில் குழாய் போடக் கூடாது என்று எதிர்த்துப் போராடினார்கள். 2020 தொடக்கத்தில் அவர்களுக்கு ஆதரவாக நாடெங்கும் ரயில் மறித்தார்கள், உங்கள் செய்தியிலேயே தினமும் காட்டினீர்கள். சொந்த மக்களே எரிவாயுக் கம்பெனியில் முதலாளி. அத்தை முறையுள்ளவள் மறியலில். தாத்தா சொல்லும் மீன் கதையில் வரும் ஆறு இப்போது இல்லை. கையில் ஆலை வேலைக்கான விண்ணப்பம். இப்படி ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இன்று அந்த ஊரில் கட்டாயம் இருப்பான். அவன் ஆம் என்பானா, இல்லை என்பானா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஏமாற்று வேலை செய்வானா? காக்கை வந்து அவனிடம் என்ன சொல்லும்? இதை எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2025 ஜனவரியில் 'நார்த் ஆஃப் நார்த்' என்ற தொடர் வந்தது. எட்டுப் பகுதிகள், ஆர்க்டிக் ஊரான இக்கலூயிட்டிலேயே எடுத்தது. படைத்தவர்கள் ஸ்டேசி அக்லோக் மெக்டானல்ட், அலேத்தியா அர்னாகுக்-பாரில் என்ற இரு இனுயிட் பூர்வகுடிப் பெண்கள். நாயகி அன்னா லாம்ப் அந்த ஊர்ப் பெண், 'ட்ரிக்ஸ்டர்' தொடரில் ஜேரட்டின் பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்தவரும் அவர்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆர்க்டிக் குளிரில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்குள்ளேயே எடுக்க முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அப்படியானால் பனி கொட்டினாலும் சாலை வசதி உள்ள கிட்டிமாட்டுக்கு ஏன் முடியாது?

ஆகவே என் கோரிக்கை. பழைய இரண்டாம் பருவத்தைத் தூசி தட்டி எடுங்கள் என்று கேட்கவில்லை. அது போனது போனதுதான். ஹைஸ்லா தேசத்தோடும் ராபின்சனோடும் உட்கார்ந்து முதலிலிருந்து பேசுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவர்கள் கதை அது. வேண்டும் என்றால் எழுத்தறையில் ஹைஸ்லா எழுத்தாளர்கள் உட்காரட்டும், இயக்குநரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். படப்பிடிப்பு டக்ளஸ் நீர்வழிக் கரையில் நடக்கட்டும். லைட் தூக்கவும் ஒலி பிடிக்கவும் உடை தைக்கவும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து அதற்குச் சம்பளமும் கொடுங்கள். விடுதிப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் 84ஆவது உங்களைப் பற்றியே எழுதியது. பூர்வகுடி நிகழ்ச்சிகளை அதிகப்படுத்த வேண்டும், அவர்களுக்கு உங்களிடம் வேலையில் சமவாய்ப்பு வேண்டும் என்று அதில் பச்சையாக இருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. 'ட்ரிக்ஸ்டர்' நிறுத்தப்பட்ட பிறகு தயாரிப்பாளர்கள் பயந்துபோய் வடக்கத்திக் கதை என்றாலே ஒதுங்கிவிடுவார்களோ என்பதுதான் அது. தலைவலி எதற்கு, வேறு துப்பறியும் தொடர் எடுத்துவிடலாம் என்று எந்தக் கூட்டத்திலாவது யாராவது சொல்லியிருப்பார். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்திருந்தால், உங்கள் பதில் என்னவாக இருந்தது? வம்சாவளி விசாரிப்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. யார் என்று சொல்லிக்கொள்கிறாரோ அந்த ஊரைக் கேட்டால் அந்த ஊர் சொல்லும். எங்கள் ஊரில் பெண் கொடுப்பதற்கு முன் நாலு பேரை விசாரிக்கிறோம், அதற்கே சாதாரணமாக இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறோம். இத்தனை கோடி டாலரைக் கொடுப்பதற்கு முன் நீங்களும் விசாரிக்கலாம்.

ஒரே ஒரு கேள்விக்காவது வெளிப்படையாகப் பதில் சொல்லுங்கள். ஜேரட்டின் கதையைத் திரையாக்கும் உரிமை இப்போது யார் கையில் இருக்கிறது? உங்களிடமோ உங்கள் பழைய தயாரிப்பாளர்களிடமோ பெட்டிக்குள் கிடந்தால், ஹைஸ்லா மக்கள் கேட்கும் அன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுப்பீர்களா? பதில் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாசித்துக்கொள்கிறேன், பிரெஞ்சில் இருந்தால் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கார்பரோவிலிருந்து ஒரு நேயர்